காற்றுக்கு ஒரு வழி

கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பொழுது புலருமுன்பே விழித்துக்கொள்பவை இரண்டு. ஒன்று சேவல், மற்றொன்று பழைய லேண்ட் ரோவர். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரையில், பெருஞ்சாலையை விட்டுக் கீழிறங்கும் மண்பாதைகளில், முட்டைக்கோசும் தக்காளியும் நிறைந்த கூடைகளைச் சுமந்துகொண்டு அவை உறுமியபடி மேலேறும் ஓசை அம்மலையின் வைகறைக்கே உரிய ஓசையாகும். மழையில் குழைந்த செம்மண்ணில் மற்ற ஊர்திகள் சறுக்கி நிற்கும் இடத்தில், நான்கு சக்கரங்களுக்கும் ஒருசேர விசை செலுத்தும் இவ்வண்டி, வயதான எருது போல் தலையைத் தாழ்த்திக்கொண்டு மெல்ல ஏறிவிடும்.

இவ்வண்டியின் பிறப்பே தட்டுப்பாட்டில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இங்கிலாந்தில் எஃகு கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே அலுமினியக் கலவைத் தகட்டால் உடலமைத்து, 1948ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவரை மக்கள் முன் நிறுத்தினர். வறுமையில் வந்த அத்தகடே பின்னர் வரமாக வாய்த்தது. ஓயாது மழை பெய்யும் மலைநாட்டிலும் அத்தகடு எஃகைப்போல் துருவேறுவதில்லை. ஆனால் வண்டியின் அடிச்சட்டமும் எண்ணெய்த் தொட்டியும் எஃகே. வெளியே மேனி கெடாமல் நிற்கும். உள்ளே தொட்டி துருப்பிடித்துக்கொண்டிருக்கும். பார்வைக்கு நன்றாக இருப்பது பழுதற்றதென்று பொருளாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

அத்தகைய வண்டி ஒன்று, மலைச்சரிவில் உள்ள ஒரு சிறு தோட்டத்துக் குடும்பத்தில் இருந்தது. 1971 முதல் 1985 வரை உருவாக்கப்பட்ட மூன்றாம் வரிசையைச் சேர்ந்தது அது. நான்கு சிலிண்டர், 2,286 கன செண்டிமீட்டர் கொள்ளளவுடைய பெட்ரோல் இயந்திரம். குடும்பத்தலைவர் பழைய வண்டியாக வாங்கி, தம் கையாலேயே பச்சை வண்ணம் பூசி, இருபது ஆண்டுகள் ஓட்டினார். அவர் மறைந்தபின் மனைவிக்கு எஞ்சியவை மூன்று: குத்தகை நிலம், இரண்டு ஆண்பிள்ளைகள், அந்த வண்டி. மூத்தவன் வண்டியை ஓட்டினான். இளையவன் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். "படிப்பில் சற்று மந்தம்" என்று அவனைப் பற்றி ஆசிரியர் சிலர் சொல்லியிருந்தனர். அச்சொல் அவன் காதிலும் விழுந்திருந்தது.

சில வாரங்களாக வண்டிக்கு ஒரு நோய் கண்டது. காலையில் ஒரே இழுப்பில் உயிர்பெறும்; சமதரையில் ஒழுங்காக ஓடும். ஆனால் கூடைகளை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் பாதித் தொலைவு சென்றதும், இருமத் தொடங்கும், தள்ளாடும், நின்றுவிடும். கால்மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் அறியாத பிள்ளை போல் மீண்டும் ஓடும். சிறிது தொலைவில் மறுபடியும் நின்றுவிடும். கீழ்நாட்டிற்குச் செல்லும் லோரி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஒரே வாரத்தில் இருமுறை லோரி போய்விட்டது. பறித்த கீரை வாடிற்று. மொத்த வணிகர் முகம் சுளித்தார்.

மூத்தவன் சும்மா இருக்கவில்லை. பட்டறைக்குக் கொண்டு சென்றான். முதலில் பிளக்குகள் நான்கையும் மாற்றினார்கள். பின்னர் காயிலை மாற்றினார்கள். அதன்பின், கார்புரேட்டரே கெட்டுவிட்டதென்று புதியது பொருத்தினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி பட்டறை வாசலில் அழகாக ஓடிற்று; ஏற்றத்தில் பழையபடியே நின்றது. தாயார் சிறுவாட்டுப் பணத்தை எண்ணி எண்ணிக் கொடுத்தார். மூன்றாம் முறை எண்ணியபோது டப்பாவின் அடித்தகடு தெரிந்தது. அன்றிரவு அவர், "விற்றுவிடலாம்" என்றார். மூத்தவன் மறுமொழி கூறவில்லை. இளையவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், உண்ணவில்லை.

விற்பதென்றால் விலை அறிய வேண்டுமே! தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். எழுபதைக் கடந்தவர். கம்பளிச் சட்டையும், காதை மறைக்கும் குல்லாயுமாக வந்து, வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முன்மூடியைத் திறக்கவில்லை. திண்ணையில் அமர்ந்தார்.

"விலை இருக்கட்டும், அம்மா. நோயோடு விற்றால் பாதி விலை. நோய் இன்னதென்று தெரிந்து விற்றால் முழு விலை. முதலில் அதைக் கேட்போம்" என்றார்.

அவர் கேட்டது வண்டியை அன்று, பிள்ளைகளை.

"தம்பி, நிற்கும்போது விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நிற்கிறதா, இருமி இருமி நிற்கிறதா?"

"இருமித்தான் தாத்தா."

"இருமும்போது சோக்கை இழுத்துப் பார்த்தாயா?"

"இழுத்தால் இன்னும் பத்து அடி போகும். பிறகு நின்றுவிடும்."

பெரியவர் தலையசைத்தார். பெட்ரோல் இயந்திரத்திற்கு உயிர் இரண்டு: ஒன்று தீப்பொறி, மற்றொன்று எரிபொருளும் காற்றும் அளவாய்ச் சேர்ந்த கலவை. எடையளவில் ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் சேர வேண்டும். தீப்பொறி அறுந்தால் இயந்திரம் பெரும்பாலும் சட்டென்று ஓய்ந்துவிடும். பெட்ரோல் குறைந்தால், கலவை மெலிந்து, இருமித் திணறி ஓயும். சோக் என்பது காற்றின் வழியைச் சுருக்குவது. காற்றுக் குறைந்தால் பெட்ரோலின் பங்கு மிகும். ஆகவே, சோக்கை இழுத்தவுடன் சற்றே தெம்பு வருமாயின், இயந்திரம் பெட்ரோல் பசியால் வாடுகின்றது என்பது குறிப்பு. இரண்டு வினாக்களில், மாற்றப்பட்ட பொருள்களில் பாதி குற்றமற்றவை என்பது ஏறக்குறையத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது வினாவைப் பெரியவர் சற்று நேரம் கழித்துக் கேட்டார்.

"கடைசியாக வண்டி நன்றாக ஏறிய நாள் எது? அந்த நாளுக்கும் இந்த நாளுக்கும் நடுவில் வண்டியில் என்ன மாறிற்று?"

மூத்தவன் யோசித்தான். பெரிய மழையின்போது தொட்டியில் தண்ணீர் இறங்கிவிட்டதையும், அதைப் பட்டறையில் வடித்துவிட்டதையும் கூறினான். "அதற்குப் பிறகு ஒன்றும் மாற்றவில்லை தாத்தா" என்றான். இளையவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், தமையனின் முகத்தைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

"சரி, கூடைகளை ஏற்றுங்கள்" என்றார் பெரியவர்.

"இப்பொழுதா? வண்டி நின்றுவிடுமே!"

"நிற்கட்டும். காய்ச்சல் உள்ளபோதுதான் நாடி பார்க்க வேண்டும். காய்ச்சல் இறங்கியபின் வைத்தியரிடம் போய் என்ன பயன்?"

பட்டறைகள் மூன்று முறையும் செய்யத் தவறியது இதுவே. அவர்கள் நோயற்ற வேளையில் வண்டியைப் பார்த்தார்கள். நோயின் பெயரை ஊகித்தார்கள். ஊகத்திற்கு மருந்து வாங்கினார்கள். திருக்குறளில் மருந்து என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தைக் கற்பிக்காத தமிழாசிரியர் இல்லை. நோய் எது, அதன் மூலம் எது என்று தேர்ந்த பின்பே தீர்க்கும் வழியை நாட வேண்டுமென்னும் அறிவுரை மனிதர் உடலுக்கு மட்டும் உரியதன்று. மண்பாதையில் நிற்கும் வண்டிக்கும் உரியதே.

கூடைகள் ஏறின. மூத்தவன் ஓட்ட, பெரியவர் அருகில் அமர, இளையவன் பின்னால் கூடைகளுக்கிடையே குந்தினான். ஏற்றத்தின் பாதியில், சொல்லி வைத்தாற்போல் வண்டி இருமிற்று, நின்றது. சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டு, முன்மூடியைத் திறந்தார்கள்.

பெரியவர் முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி, கம்பியோடு இயந்திரத்தின் மேல் படுமாறு வைத்து, மூத்தவனைச் சாவியைத் திருகச் சொன்னார். நீலநிறத் தீப்பொறி பளிச்சென்று தெறித்தது. "தீ இருக்கிறது. காயில் மேல் பழி போடாதே" என்றார். பெட்ரோல் குழாயில் கைவைப்பதற்கு முன்பே இதை முடித்துக்கொண்டார். பெட்ரோல் ஆவியும் தீப்பொறியும் ஓரிடத்தில் கூடலாகாது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. வேலையின் வரிசையில் காட்டினார். தீப்பொறியைப் பார்த்து முடித்தபின் சாவியை வாங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்து, எரிபொருள் பம்பின்மேல் இருந்த சிறு கண்ணாடிக் கிண்ணத்தைத் துணியால் துடைத்தார். இவ்வகைப் பழைய வண்டிகளில் பம்பு மின்சாரத்தால் இயங்குவதன்று. இயந்திரத்தின் சுழற்சியே அதன் நெம்பை அசைத்து, ஒரு மெல்லிய சவ்வை மேலும் கீழும் ஆட்டும். அச்சவ்வு தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி, கார்புரேட்டருக்குத் தள்ளும். இடையே உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் தூசும் நீரும் தங்கும். பெட்ரோல் நீரினும் இலேசானது. ஆகையால் நீர் அடியில் முத்துப்போல் உருண்டு கிடக்கும். அக்கிண்ணம், வண்டியின் வயிற்றைப் பார்க்க வைத்த சாளரம் எனலாம்.

"தம்பி, இங்கே வா. என்ன தெரிகிறது?" என்று இளையவனை அழைத்தார்.

"பாதிதான் இருக்கிறது தாத்தா. குமிழி வருகிறது."

"தண்ணீர்?"

"அடியில் இல்லை."

"நிறைந்திருக்க வேண்டியது பாதியாக இருக்கிறது. அப்படியானால் குற்றம் இந்தக் கிண்ணத்திற்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

பையன் கார்புரேட்டரைப் பார்த்தான். தொட்டி இருக்கும் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தான். "அந்தப் பக்கம்... தொட்டிப் பக்கம்" என்றான். பெரியவரின் முகத்தில் முதன்முறையாகப் புன்னகை தோன்றிற்று. நெடிய வழி ஒன்றின் நடுவில் நின்று பார்த்தால் பாதி வழியைத் தேட வேண்டியதில்லை. புதிய கார்புரேட்டருக்குக் கொடுத்த பணம் அந்தத் தேவையற்ற பாதியில்தான் கரைந்தது.

பம்பின் அடியில் கையால் இயக்கும் சிறு நெம்பு ஒன்று உண்டு. பெரியவர் அதைப் பலமுறை அசைத்தார். கிண்ணத்தில் ஒரு துளியும் ஏறவில்லை. தொட்டியிலோ அரைக்கு மேல் பெட்ரோல் இருந்தது. குழாயில் அடைப்பா? தொட்டியின் அடியில் துருவா? அல்லது வேறொன்றா? பொருள்களைக் கழற்றத் தொடங்குமுன் அவர் ஒரே ஒரு செயலைச் செய்யச் சொன்னார்.

"தம்பி, எண்ணெய் மூடியை மெதுவாகத் திற. காதைப் பக்கத்தில் வைத்துக்கொள்."

இளையவன் கை நடுங்கிற்று. மூடியைத் திருகினான். 'உஸ்' என்று நீண்ட பெருமூச்சு விட்டாற்போல் தொட்டி காற்றை உள்ளிழுத்தது. பெரியவர் மறுபடி நெம்பை அசைத்தார். நான்காம் அசைவில் கண்ணாடிக் கிண்ணம் தளும்ப நிறைந்தது.

மூத்தவன் திகைத்தான். இளையவன் திகைக்கவில்லை. மூடியின் உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே, பழைய சைக்கிள் டியூபிலிருந்து வட்டமாக வெட்டிய கருப்பு ரப்பர்த் துண்டொன்று, மூடியின் உள்முகம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, பெட்ரோலில் ஊறி உப்பியிருந்தது.

"நான்தான் வெட்டினேன்" என்றான். குரல் அடைத்தது. "மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கட்டும் என்று... சொல்லாமல் வைத்தேன்."

மூத்தவனின் கை உயர்ந்தது. மூன்று பட்டறைகளும், வாடிய கீரையும், போய்விட்ட லோரியும் அக்கையில் இருந்தன. பெரியவர் இடையில் புகவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"அவன் அடைத்தது மழையை. காற்று தவறி அகப்பட்டுக்கொண்டது" என்றார்.

உயர்ந்த கை மெல்லத் தாழ்ந்தது.

பெரியவர் பையனைப் பார்த்துக் கேட்டார்: "வீட்டில் தேநீருக்கு டின் பால் வாங்குவீர்களே, அதை எப்படித் திறப்பாய்?"

"ஆணியால் துளை போடுவேன்."

"எத்தனை?"

"இரண்டு." சொல்லி முடிக்குமுன் அவன் கண்கள் விரிந்தன. "ஒன்றில் பால் வரும், மற்றதில் காற்று போகும்! ஒன்று மட்டும் போட்டால் பால் வராது!"

நோய் முழுவதும் அந்த ஒரு விடையில் அடங்கிவிட்டது. தொட்டியிலிருந்து பெட்ரோல் வெளியேற வெளியேற, அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகவே மூடியில் ஊசிமுனை போன்ற காற்றுத்துளை உண்டு. துளை அடைபட்டால் தொட்டிக்குள் அழுத்தம் குறையும். பம்பின் மெல்லிய சவ்வினால் அதை எதிர்த்து உறிஞ்ச முடியாது. சமதரையில் இயந்திரம் சிறிதே பருகுவதால், இடுக்குகளில் கசியும் காற்றே போதுமானதாயிற்று. சுமையோடு ஏறும்போது பெருமளவு பருகிற்று. கசியும் காற்று போதவில்லை. நின்று காத்திருந்த கால்மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உட்புக, வண்டி மீண்டும் ஓடிற்று. ரப்பர் பெட்ரோலில் ஊறி நாளுக்கு நாள் உப்பியதால், முதல் நாள்களில் தெரியாத நோய் பின்னர் முற்றிற்று. எல்லா அறிகுறிக்கும் ஒரே காரணம் விடையளித்தது. உண்மையான காரணத்திற்கு அடையாளமும் அதுவே. பாதி அறிகுறிக்கு மட்டும் விடை சொல்லும் காரணம் இன்னும் ஊகமே.

கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, அட்டையால் மூடிக் கவிழ்த்து, நீர் சிந்தாத வியப்பைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் முன்பொருநாள் அவனுக்குக் காட்டியிருந்தார். காற்றழுத்தம் என்னும் சொல்லையும் அவன் தேர்வில் பிழையின்றி எழுதியிருந்தான். ஆயினும் அக்குவளையும், அடுக்களையிலிருந்த பால் டின்னும், தந்தையின் வண்டியும் அவன் உள்ளத்தில் வெவ்வேறு அறைகளில் இருந்தன. அவ்வறைகளுக்கு இடையே ஒரு கதவு திறந்தது, அந்த மண்பாதை ஏற்றத்தில்.

ரப்பரை எறிந்துவிட்டதோடு வேலை முடிந்ததாகப் பெரியவர் கருதவில்லை. பையன் அஞ்சிய மழை பொய்யன்று. மூடியின் பழைய அடைப்பு வளையம் தேய்ந்திருந்தது உண்மை. அதன் வழியே நீர் புகுந்ததும் உண்மை. பிள்ளை கண்ட குறை சரி. செய்த தீர்வில் ஒரு துளை மட்டுமே குறைவு. ஆகவே, பெட்ரோலில் கெடாத தக்கைத் தாளில், நடுவைத் திறந்துவிட்டு, விளிம்பை மட்டும் மூடும் வளையம் ஒன்றை அவனையே வெட்டச் சொன்னார். மூடியின் காற்றுத்துளையை மெல்லிய கம்பியால் துப்புரவாக்கினார். மறுநாள் இயந்திரம் குளிர்ந்திருந்த வேளையில், வெட்டவெளியில், தொட்டியின் அடித்திருகைக் கழற்றி, முதலில் வடிந்ததைக் கண்ணாடிப் புட்டி ஒன்றில் பிடித்தார். சற்று நேரத்தில் அடியில் ஒரு விரற்கடை நீரும், அதற்கும் கீழே செந்நிறத் துருத்தூளும் படிந்தன. தொட்டியைக் கழுவினார்கள், வெடிப்புக் கண்டிருந்த பழைய ரப்பர்க் குழாயை மாற்றினார்கள். குளிர்ந்த ஈர இரவுகளில் தொட்டியைக் காலியாக வைத்தால் உட்சுவரில் பனித்து நீர் சேரும் என்றும், மாலையிலேயே நிரப்பி வைப்பது நன்று என்றும் கூறினார்.

அதற்கடுத்த நாள் விடியலில் கூடைகள் ஏறின. தாயார் ஏற்றத்தின் உச்சியில், லோரி வந்து நிற்கும் இடத்தில், குளிருக்குச் சேலைத் தலைப்பைப் போர்த்துக்கொண்டு நின்றார். வண்டி வழக்கமாக நிற்கும் வளைவு அவருக்கு மேலிருந்து தெரியும். முகப்பு விளக்குகளின் மஞ்சள் ஒளி அவ்வளைவை அடைந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். ஒளி அங்கே தங்கவில்லை, வளைந்தது, மேலேறிற்று. உறுமல் ஒருமுறையும் தடைப்படவில்லை.

"எவ்வளவு ஆயிற்று ஐயா?" என்று பெரியவரிடம் அவர் கேட்டார்.

"குழாய்க்கும் தக்கைக்கும் பதினெட்டு வெள்ளி. மற்றது ஒரு துளை. அதற்கு விலை கிடையாது" என்றார் பெரியவர். இரண்டு முட்டைக்கோசுகளை மட்டும் வாங்கிக்கொண்டார். "இனி விலை சொல்லட்டுமா?" என்று கேட்டபோது, தாயார் வண்டியின் பச்சைத் தகட்டில் ஒருமுறை கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம் ஐயா" என்றார்.

வகுப்பறையிலும் ஏற்றத்தில் நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. சமதரையில் ஓடுவார்கள், சுமை ஏறியதும் திணறுவார்கள். அவர்களுக்குப் பயிற்சி நூலை மாற்றுகிறோம், இருக்கையை மாற்றுகிறோம், வகுப்பையே மாற்றுகிறோம், இறுதியில் மந்தம் என்று எழுதிவிடுகிறோம். எந்த நாளில் நன்றாக இருந்தான், அதன்பின் அவன் வாழ்வில் என்ன மாறிற்று என்று கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, யாரோ ஒருவரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்ட வாய்கள் எத்தனையோ!

அக்கண்ணாடிப் புட்டியைப் பெரியவர் கொட்டிவிடச் சொன்னார். பையன் பெட்ரோலை மட்டும் பாதுகாப்பாக வடித்துவிட்டு, துருவும் நீருமாய் எஞ்சியதை இறுக மூடி, தன் பாடநூல்களுக்கு அருகில் வைத்துக்கொண்டான். மூடியில் துளை போடவில்லை. எங்கே துளை வேண்டும், எங்கே வேண்டாம் என்பது இப்போது அவனுக்குத் தெரியும்.